ஒரே வீட்டில் அறுபத்தேழு பிள்ளைகள்

அந்த நண்டை எரிக்க வேண்டும் என்று முதலில் சொன்னவள் நான்தான்.

டிசம்பர் முப்பத்தொன்று அன்று குவயாகில் நகரத்தில் பழைய வருஷத்தைக் காகிதப் பொம்மையாகச் செய்து, நடுத்தெருவில் நிறுத்தி எரிப்போம். யார் மேல் கோபமோ அவரைத்தான் செய்வது வழக்கம். ஒரு வருஷம் மின்சாரத்தை வெட்டிய அமைச்சர். இன்னொரு வருஷம் பெனால்டியை வெளியே உதைத்த கால்பந்துக்காரன். எங்கள் தெருவின் பொம்மைக் கமிட்டிக்கு நான் தலைவி. காரணம் ஒன்றும் பெரிதில்லை. கூட்டம் நடப்பது என் மீன் சாறு கடையில்.

நவம்பர் கூட்டத்தில், "இந்த வருஷம் யாரை எரிக்கலாம்?" என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை.

"தோன் பின்சாவை."

கடையில் இருந்த ஐம்பது வயசு ஆண்களும் பெண்களும் ஆளுக்கொரு கரண்டியை எடுத்து மேசையில் தட்டினார்கள். டக், டக், டக். கொஞ்சம் இடைவெளி. டக், டக். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, டெலேஸ்தேரோ டிவியின் பிள்ளைகள் நிகழ்ச்சியில் தினமும் மாலை நாலு மணிக்கு அந்தச் சிவப்புக் கைப்பொம்மை நண்டு தன் கொடுக்குகளை அப்படித் தட்டிக்கொண்டுதான் வரும்.

"ஐயோ, அதைப் போயா எரிக்கிறது? பாவம்டி!" என்றான் என் அண்ணன் வெலிங்டன். பேருந்து ஓட்டுகிறவன். பிரேக் போடுவதைத் தவிர எல்லாவற்றுக்கும் கண் கலங்குவான்.

"பாவமா? அது நம்ம பேரைச் சொல்லுச்சா?" என்றேன்.

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முந்தின நாள், தோன் பின்சா தனக்குக் கடிதம் எழுதிய பிள்ளைகளின் பெயர்களை வாசிக்கும். பெயர் வாசிக்கப்பட்டால் போதும், அடுத்த கிறிஸ்துமஸ் வரை அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் ராஜா. அப்போது எங்கள் வீடுகள் கழிமுகத்துக்கு மேல் மூங்கில் கால்களில் நின்றன. தெருவுக்குப் பதில் பலகைப் பாலங்கள். மொத்தப் பேட்டைக்கும் ஒரே டிவி, தோன் ஓல்மெதோவின் மளிகைக் கடையில், கார் பாட்டரியில் ஓடியது. கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கும் மிட்டாய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கீழே தண்ணீர் ஏற ஏற, வேர்வை வழிய உட்கார்ந்திருப்போம். பணக்காரப் பகுதியான உர்தேசாவில் இருக்கும் பிள்ளைகளின் பெயர் வரும். சென்டெனாரியோ பிள்ளைகளின் பெயர் வரும். எங்கள் பெயர் மட்டும் ஒரு வருஷமும் வந்ததில்லை. நான் நாலு வருஷம் எழுதினேன்.

"அதுக்குக் காது கேக்காதுடி. நண்டுக்கு ஏது காது?" என்று வெலிங்டன் அப்போது என்னைக் கேலி செய்வான்.

ஆக, என் பகைக்கு நாற்பத்தோரு வயசு. நண்டைச் செய்தோம். மூங்கில் கூடு, பழைய செய்தித்தாள், மரவள்ளிப் பசை. பதினைந்து அடி உயரம். கொடுக்குகள் இரண்டும் இரண்டு ஆள் நீளம்.

சிவப்பு பூசிக்கொண்டிருந்தபோது, எதிர் வீட்டுத் தோன்யா கார்தேனியா நின்று பார்த்தார். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். எழுபதை நெருங்கியவர், அதனால் மரியாதைக்கு 'தோன்யா'. எங்கள் தெருவுக்கு வந்து இருபது வருஷம் இருக்கும். அதிகம் பேசமாட்டார்.

"இடது கண்ணு கொஞ்சம் கீழ எறங்கணும்" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும், தோன்யா?"

"பாத்திருக்கேன்."

இறக்கி வைத்தோம். அவ்வளவுதான், அது உயிரோடு முழித்தது. யாரோ படம் எடுத்துப் போட்டார்கள். மறுநாள் முதல் ஊர் முழுக்கத் திரண்டு வந்தது. வழுக்கைத் தலைக்காரர்கள் பேரப் பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்து, "இவருதான்டா, இவருதான்!" என்று மூக்கை உறிஞ்சினார்கள். என் கடையில் மீன் சாறு பத்து மணிக்கே தீர்ந்தது.

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி டெலேஸ்தேரோவிலிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு. பெயர் தயனாரா, நிகழ்ச்சித் தயாரிப்பாளர். முப்பத்தொன்று அன்று உங்கள் தெருவிலிருந்தே நேரடி ஒளிபரப்பு செய்யப்போகிறோம் என்றாள்.

"போ பொண்ணே, இன்னைக்கு இருபத்தெட்டு. ஊரை ஏமாத்துற நாள். வேற தெருவுல போய் முயற்சி பண்ணு" என்றான் வெலிங்டன்.

அவள் கோப்பைத் திறந்து முத்திரை வைத்த காகிதத்தைக் காட்டினாள். நிஜம்தான். சானலுக்கு ஐம்பதாவது ஆண்டு. மாலை ஐந்து மணிக்கு நேரடி ஒளிபரப்பு. அந்தக் காலத்தில் இந்தத் தெருவில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரும் டிவியில் வாசிக்கப்படும்.

கடைக்குள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"பதிலுக்கு?" என்று கேட்டேன்.

"சின்ன விஷயம்தான், சென்யோரா. பொம்மையை எரிக்க வேணாம். எங்க வரவேற்பு ஹாலுக்குக் கொண்டுபோயிருவோம். ஆறு மணிக்கு லாரி வரும். கமிட்டித் தலைவியா நீங்க கேமரா முன்னாடி இதுல ஒரு கையெழுத்து போடணும்."

காகிதத்தில் எழுதியிருந்ததை உரக்கப் படித்தேன். 'மறைந்த எங்கள் இயக்குநர் திரு. அவெல்யான் தன் கற்பனையில் உருவாக்கிய தோன் பின்சா பாத்திரமும் குரலும் உருவமும் சானலுக்கே உரியவை என்று இத்தெருவினர் ஏற்கிறார்கள்.'

"அதுல என்ன? யாரு உருவாக்கினா நமக்கென்ன? போடுடி கையெழுத்தை!" என்றான் அண்ணன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் கையும் பாதி உயர்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசை வந்துவிட்டது. மரியூக்சி என்று டிவியில் ஒரு தரம்.

வாசல் பக்கமிருந்து தோன்யா கார்தேனியா சொன்னார்: "அதுல பொய் எழுதியிருக்கு."

"எது பொய், தோன்யா?"

அவர் என் அடுப்பருகே வந்து இரண்டு மரக் கரண்டிகளை எடுத்தார். டக், டக், டக். இடைவெளி. டக், டக். பிறகு அந்த ஒல்லியான உடம்பிலிருந்து, மூக்கும் தொண்டையும் கலந்த அந்த முரட்டுக் குரல் வந்தது.

"மாலை வணக்கம், நண்டுக் குஞ்சுகளா! இன்னைக்கு யாரு பல்லு விளக்கல?"

வெலிங்டன் தன்னையறியாமல் வாயை மூடிக்கொண்டான். ஐம்பத்து மூன்று வயசு.

தயனாராவுக்குப் புரியவில்லை. அவள் பிறப்பதற்கு முன்பே நிகழ்ச்சி நின்றுவிட்டது. "யோசிச்சு வைங்க" என்று காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். தெருக்காரர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். நான் மட்டும் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு கேட்டேன்.

"நீங்களா அது? இருபது வருஷமா எதிர்த்தாப்புல உக்காந்துகிட்டு வாயத் தொறக்கலையே!"

"எப்படித் தொறப்பேன்? நான் குடி வந்த முதல் வாரமே உன் கடையில ஒருத்தி, 'அந்தச் சனியன் பிடிச்ச நண்டு மட்டும் கையில கிடைச்சா'ன்னு கத்திக்கிட்டிருந்தா."

அந்த ஒருத்தி நான்தான்.

"ஏன் எங்க பேரைச் சொல்லல? நாங்க என்ன பாவம் பண்ணினோம்?"

"வீட்டுக்கு வா" என்றார்.

தையல் மெஷினுக்கு அடியிலிருந்து துருப்பிடித்த பெரிய பிஸ்கட் டின் ஒன்றை இழுத்தார். உள்ளே பிளாஸ்டிக்கில் சுற்றிய கடிதங்கள். எல்லா உறையிலும் ஒரே முகவரி: 'இருபத்தொன்பதாம் தெரு, எண் 4.' எல்லாம் ஒரே கையெழுத்து.

எனக்கு உடனே புரிந்துவிட்டது.

முகவரி இல்லாத கடிதம் வாசிக்கப்படாது என்று டிவியில் சொல்வார்கள். பலகைப் பாலத்தில் ஏது கதவு எண்? அனுமதி வாங்கிய கட்டடம் ஒன்றே ஒன்றுதான், தோன் ஓல்மெதோவின் கடை. அதனால் பேட்டைப் பிள்ளைகள் எல்லோரும் அந்த முகவரியைத்தான் போட்டோம். எங்கள் கோழிக் கிறுக்கல் தபாலில் தொலைந்துவிடும் என்று பயந்து, அந்த நல்ல மனுஷன் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு உறையிலும் தன் கைப்பட முகவரி எழுதி, ஒரே சாக்கில் கட்டி, தானே பேருந்தில் கொண்டுபோய்க் கொடுப்பார்.

"கடிதம் எழுதின பிள்ளைங்களுக்குள்ள குலுக்கல்ல ஒரு சைக்கிள் பரிசு" என்றார் கார்தேனியா. "அவெல்யான் இந்தச் சாக்கைப் பாத்தாரு. 'ஒரே வீட்டுல அறுபத்தேழு பிள்ளைங்களா? ஒரே கையெழுத்தா? திருட்டுக் கூட்டம், குப்பையில போடு'ன்னாரு. பாலத்து ஜனங்களுக்கு வீட்டு எண் கிடையாதுய்யான்னு சொன்னேன். 'நீ நண்டு, கொடுக்கை மட்டும் ஆட்டு'ன்னாரு. மேசைக்கு அடியில இருக்குற கை என்ன செய்ய முடியும்? குப்பையிலிருந்து எடுத்து வச்சேன். அதுதான் முடிஞ்சுது."

ஒரு கடிதத்தை உருவி நீட்டினார். 1982. என் எட்டு வயசுக் கையெழுத்து.

'தோன் பின்சா, இது மூணாவது கடிதம். போன வருஷமும் நீ என் பேரைச் சொல்லவில்லை. நீ செவிடு என்று என் அண்ணன் சொல்கிறான். இந்த வருஷமும் சொல்லாவிட்டால் உன்னைப் பீரில் போட்டு வாழைக்காயோடு வேகவைப்பேன். பற்றாக்குறைக்கு உன் மாமாவையும். அன்புடன் மரியூக்சி.'

"இதைப் படிச்சு மூணு நாள் சிரிச்சேன்" என்றார். "அந்த நண்டை என் சமையலறையில செஞ்சேன். ஒரு செவப்பு ஸ்டாக்கிங், ரெண்டு மரக் கரண்டி, ரெண்டு பிங்பாங் பந்து. எட்டு வருஷம் ஆட்டினேன். நிகழ்ச்சி முடிஞ்சதும் எல்லாருக்கும் நன்றின்னு பேர் ஓடும். ஒப்பனை, விளக்கு, வண்டி ஓட்டினவன் வரைக்கும். என் பேர் ஒரு நாளும் ஓடல. பிள்ளைங்களுக்கு நண்டு நண்டாவே இருக்கணுமாம். சரின்னு விட்டேன். ஆனா மரியூக்சி, நான் செஞ்சதை இன்னொருத்தன் செஞ்சான்னு, நான் உயிரோட இருக்கையில நீ கையெழுத்து போடாத. அவ்வளவுதான் கேக்குறேன்."

நான் தயனாராவுக்குப் போன் போட்டேன். அந்த ஒரு வரியை மாற்றி கார்தேனியா கிமீ என்று போட்டால் போதும், நண்டைத் தங்கத் தட்டில் வைத்துத் தருகிறோம் என்றேன். அரை மணி கழித்துக் கூப்பிட்டாள். குரல் சுருங்கியிருந்தது.

"மேல கேட்டேன், சென்யோரா. முடியாதாம். ஐம்பதாண்டு மலர் அச்சாகிருச்சு. வேணும்னா அந்தம்மாவைப் பார்வையாளர் வரிசையில உக்கார வச்சு, 'நீண்ட கால உதவியாளர்'னு சொல்றாங்க."

"யாருக்கு உதவி? நண்டுக்கா?"

போனை வைத்தேன்.

அண்ணனிடம் சொன்னபோது குதித்தான். "நாப்பது வருஷம்டி! பத்து செகண்டு என் பேரு டிவியில வரட்டுமே. என் பேரப் பயலுக்குக் காட்டணும்!"

நான் வாதாடவில்லை. டின்னில் இருந்த அவன் கடிதத்தைக் கொடுத்தேன். திரும்பி நின்று படித்தான். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். என்ன எழுதியிருந்தாய் என்று கேட்டதற்கு, "ஒன்னுமில்ல" என்றான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த சானல்காரன் காகிதம் எங்க? குடு. நண்டு வயித்துல பட்டாசு வைக்குற வேலை இன்னும் முடியல" என்றான்.

அன்று சாயங்காலத்துக்குள் வீடு வீடாகப் போய் அவனே எல்லோரையும் மாற்றிவிட்டான். எப்படி என்று கேட்காதீர்கள். கடைசிவரை எதிர்த்த தச்சன் ஹோல்ஹெரிடம், "உன் பேரு டிவியில வரலன்னா செத்துருவியா? இத்தனை நாள் சாகலையே" என்று சொன்னதாகக் கேள்வி.

முப்பத்தொன்று மாலை. வெயில் இன்னும் தகரக் கூரைகளில் தகதகத்தது. ஒளிபரப்பு வண்டி வந்தது. பின்னாலேயே, நண்டை ஏற்ற ஒரு மணி நேரம் முன்னதாகவே லாரியும் வந்து நின்றது. தயனாரா காதில் கருவி மாட்டிக்கொண்டு ஓடினாள். நரைத்த மீசைக்காரர் ஒருவர் கேமராவைத் தோளில் ஏற்றினார்.

"முதல்ல பழைய வருஷத்தோட உயில்" என்றேன். சாகப்போகும் வருஷம் சொத்தைப் பிரித்துக் கொடுப்பதுபோல் கேலியாக உயில் வாசிப்பது எங்கள் வழக்கம். "உயில் இல்லாம நண்டை எடுத்துட்டுப் போனா உங்க சானலுக்குத்தான் ஆகாது."

"சரி, சரி, ரெண்டு நிமிஷம். அப்புறம் பேர், அப்புறம் கையெழுத்து" என்றாள்.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. தோன்யா கார்தேனியா நண்டின் காலடியில் நாற்காலி போட்டு, கடித டின்னைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேசைக்கு அடியில் இல்லை, முன்னால். கரண்டியைத் தட்டினார். அந்தக் குரல் ஒலிபெருக்கியில் தெருவை அதிரவைத்தது.

"சாகப்போற நண்டு நான், புத்தி தெளிவா எழுதுறேன்! மழைக்கு மழை தெருவை முழுக விடுற மேயருக்கு என் முதுகு ஓட்டைத் தரேன், உள்ள ஒளிஞ்சுக்கட்டும். பேருந்து ஓட்டுற வெலிங்டனுக்கு என் ரெண்டு கண்ணையும் தரேன், இனிமேலாவது நிறுத்தம் தெரியட்டும்!"

தெரு கெக்கலித்தது. தயனாராவும் சிரித்தாள்.

"டெலேஸ்தேரோவுக்கு எதுவும் தரல. கேக்காம எடுத்துக்குறவங்களுக்கு எதுக்கு உயிலு? நான் பொறந்தது எந்த இயக்குநர் மண்டையிலயும் இல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதுல, கார்தேனியா கிமீயோட சமையலறையில பொறந்தேன். அம்மா பேரு கார்தேனியா கிமீ. நல்லாக் கேட்டுக்கோங்க, இன்னொரு தரம்..."

சிவப்பு விளக்கு அணைந்தது.

"விளம்பரத்துக்குப் போய்ட்டாங்க" என்றாள் தயனாரா, காதைப் பிடித்துக்கொண்டு. "சென்யோரா, என் வேலையைக் கெடுத்துட்டீங்களே! கேமராவை இறக்குங்க."

மீசைக்காரர் இறக்கவில்லை. லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "தோன்யா, அந்த டின்னுல தியோஃபிலோன்னு ஒரு பேரு இருக்கா பாருங்க. மூணாவது பாலம். எண் நாலுதான் போட்டேன்."

"இருக்குடா" என்றார் கார்தேனியா.

டின்னில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தார். டிவியில் அது ஒரு எழுத்துகூடப் போகவில்லை. தெருவுக்குப் போனது. அங்கிருந்தவர்கள் "இங்கே!" என்று கத்தினார்கள். மட்ரிட்டில் இருப்பவளுக்கு அவள் தங்கை கத்தினாள். செத்துப்போனவர்களுக்குத் தெருவே சேர்ந்து கத்தியது. வெலிங்டன் பெயர் வந்தபோது அவர் கையில் காகிதம் இல்லை. ஆனாலும் சொன்னார்.

"'தோன் பின்சா, என் பேரைச் சொல்ல வேண்டாம். என் தங்கச்சி பேரை மட்டும் சொல். அவள் அழுதால் தூங்க முடியவில்லை.' வெலிங்டன், எண் நாலு!"

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் லாரியின் டயரை மிகவும் அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

கடைசியாக, "மரியூக்சி, எண் நாலு."

"இங்கே!" என்றேன். குரல் எட்டு வயசுக்காரியுடையது மாதிரி வந்தது. வரட்டும்.

லாரிக்காரர்கள் கயிற்றோடு இறங்கினார்கள். தயனாரா என் அருகில் வந்தாள். "கையெழுத்து?"

"காகிதம் உள்ள இருக்கு. வயித்துல, பட்டாசுக்குப் பக்கத்துல. எடுத்துக்க."

வெலிங்டன் தீக்குச்சியை நீட்டினான். நான் கிழித்தேன். பழைய வருஷத்தை நடுராத்திரி பன்னிரண்டுக்கு முன் யாரும் எரித்ததில்லை. நாங்கள் மாலை ஐந்தரைக்கு, கண் கூசும் வெயிலில் எரித்தோம். லாரிக்காரர்கள் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பட்டாசு ஒவ்வொன்றாக வெடிக்க, கொடுக்குகள் இரண்டும் மேலே உயர்ந்து, ஆடி, விழுந்தன.

பக்கத்துத் தெருக்காரர்கள் மொட்டை மாடியில் ஏறிக் கூவினார்கள். "டேய், பைத்தியங்களா! உங்க தெருவுல அதுக்குள்ள வருஷம் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு!" என்று கத்தினான் வெலிங்டன். "உங்களுக்குத்தான் இன்னும் பழசு!"

தயனாரா சாம்பலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மீசைக்காரர் கேமராவை மெல்ல இறக்கி, "எல்லாம் பதிவாயிருக்கு" என்று அவளிடம் சொன்னார். அவள் அதை அழிக்கச் சொல்லவில்லை.

தோன்யா கார்தேனியா கரண்டிகளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"பீர் வாங்கிட்டு வா, வாழைக்காயும் வாங்கு" என்றார். "என்னை வேகவைக்கிறேன்னு எழுத்துமூலமா மிரட்டினியே. பானையை ஏத்து, பாக்கலாம்."

நிஜ நண்டு நாலு கட்டு வாங்கிவந்து பானையை ஏற்றினேன்.